சட்டம் பயிலும் மாணவரும் விடுமுறைத் தொழிலும்

எமது கல்லூரியை விட்டுச் சென்ற மாணவருட் சிலர் இப்பொழுது சட்டம் பயில்கின்றனர். விடுமுறை வந்ததும் பூவரசங்குளத்துக்கு மீளும் அவர்கள், மன்னார் வீதியிற் பேருந்தேறி, வவுனியா நகரத்துச் சட்டத்தரணிமாரிடம் ஓரிரு மாதம் தொழில் பழகச் செல்வர். செல்லுமுன் எம்மிடம் வந்து, "ஐயா, அங்கே நல்ல பெயர் எடுப்பது எப்படி?" என வினவுவாருமுளர். தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவோ இஃது என முதலில் எண்ணினோம். ஆயினும், காணி அலுவலாக அத்தகைய அலுவலகமொன்றின் வாங்கிலே பல நாள் காத்திருந்த அநுபவம் எமக்குண்டு. மேசையில் இருப்பவர் காணாத சிலவற்றை வாங்கில் இருப்பவர் காண்பர். ஆதலின் எழுதத் துணிந்தோம்.

முன்னாளிலே பிறக்கிராசி, அப்புக்காத்து என இருவகையார் இத்தொழிலை நடத்தினர். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தினால், 1974 தொடக்கம் இருவரும் சட்டத்தரணி என்னும் ஒரே பெயர் பெற்றனர். பெயர் மாறினும் பழகிக் கற்கும் முறை மாறவில்லை. 1874 இல் தொடங்கிய சட்டக் கல்லூரியில் இறுதித் தேர்விற் சித்தியெய்தியவரும், மூத்தவர் ஒருவரிடம் ஆறு மாதம் பழகிய பின்னரே சத்தியப்பிரமாணம் செய்வர். சேர் பொன். இராமநாதன் அவர்களும் சேர் றிச்சட் மோர்கன் என்பாரிடம் பயின்றே தொழிலுக்கு வந்தவர். விடுமுறைத் தொழில் அப்பயிற்சிக்கு ஒரு முற்படி.

உடை பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டை, கறுத்தக் காற்சட்டை, துடைத்த சப்பாத்து என்பன போதும். பேருந்து பிந்தியது என்னும் நியாயம் ஒருமுறைக்கு மேற் செல்லாது. முந்திய பேருந்தில் ஏறுக.

முதல் நாளிலேயே வழக்குப் பேச விடுவர் என எண்ணிச் செல்வோர் ஏமாறுவர். கிடைப்பது பெரும்பாலும் பிரதி எழுதும் வேலையே. அதனை இழிவெனக் கருதுதல் கூடாது. கலித்தொகையை 1887 இற் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சட்டத்திலும் பட்டம் பெற்றவர்; பின்னாளிற் புதுக்கோட்டையில் நீதிபதியாயிருந்தவர். ஏட்டோடு ஏட்டை ஒப்புநோக்கும் கண்ணும் உறுதியோடு உறுதியை ஒப்புநோக்கும் கண்ணும் ஒன்றே என்பது எமது துணிபு.

எமது மாணாக்கர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வவுனியாவில் வாழ்ந்த தாயொருவர், ஊரிலுள்ள தமது காணியை மகளுக்குச் சீதனமாக எழுத வந்தார். பழைய உறுதியிற் கண்ட அளவு 2 பரப்பு. அதைப் பார்த்தெழுதிய எமது மாணாக்கர் 2 பேர்ச் என எழுதிவிட்டார். ஒரு பரப்பு 10 பேர்ச் என்பதை யாவரும் அறிவர். அவ்வாறே ஒப்பமிடப்பட்டிருப்பின், மகளுக்குப் பத்தில் ஒரு பங்கே சேர்ந்திருக்கும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் நிறைவேற வேண்டும். பிழை திருத்துவதாயின் இன்னோர் உறுதி, இன்னொரு செலவு. மாலையில் வீடு திரும்பும் வழியிலே அவருக்கு ஐயம் தோன்றிற்று. இரவு உறக்கமில்லை. மறுநாட் காலை, எவரும் கேளாமுன்னரே, மூத்தவரிடம் சென்று, "சேர், அளவைப் பிழையாக எழுதிவிட்டேன்" என்றார். மூத்தவர் கடிந்துகொண்டார், அதை மறைத்துக் கூறுவானேன்? ஆயினும் அன்று தொட்டுப் பழைய உறுதிகளை வாசிக்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்தார்.

பழைய உறுதியை வாசிப்பதற்குப் பழைய சொல்லும் தெரிய வேண்டும். தேசவழமையை 1707 இற் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். 1806 இன் 18 ஆம் இலக்கப் பிரமாணம் அதற்குச் சட்ட வலுவளித்தது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்களை ஆங்கிலக் குறிப்பிலே மனனஞ் செய்தவர், கிழவி ஒருத்தி வாயிலிருந்து அவை வரும்போது விழிப்பதைக் கண்டிருக்கிறோம். அவற்றைத் தம் பாட்டியாரிடம் கேட்டறிந்து செல்வது நன்று.

வருவோர் பலர் பொலித்தீன் பையிற் சுற்றிய காணி அனுமதிப்பத்திரத்தோடு வருவர். கதையைப் பாட்டன் காலத்திலிருந்து தொடங்குவர். இடைமறியாது, "இருங்கோ அம்மா" என ஆசனங் கொடுத்துக் குறிப்பெடுக்க. ஆனால் அறிவுரை கூறற்க. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை காணியிழந்து நின்றோருக்காக 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் ஆட்சியுரிமை விதியிற் சலுகை அளித்தது; அதன்படி வழக்கிட வைத்த அவகாசமோ இரண்டே ஆண்டு. சட்டத்தின் பெயரை மட்டும் நினைவிற் கொண்டு, "உங்களுக்குச் சட்டம் இருக்கிறது" என்று ஒரு மாணவர் சொல்லிவிட்டால், கேட்டவர் அதனை நம்பியே வீடு செல்வார். "சேரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பதில் இழிவொன்றுமில்லை.

இன்னுமொன்று. கட்சிக்காரர் சட்டத்தரணியிடம் சொன்னதை வெளியிடலாகாது என்னும் விதி, 1895 இன் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி எழுதுவினைஞரையும் கட்டுப்படுத்தும். எமது பகுதியில் இவ்விதி மிகக் கடினமானது. மாலைப் பேருந்திலே தோழரிடம் அன்றைய வழக்கைச் சுவையாக எடுத்துரைக்கத் தோன்றும். முன் ஆசனத்தில் இருப்பவர் எதிராளியின் மைத்துனராயிருத்தலுங் கூடும்.