கடல் உயர, ஊர் அதைவிட வேகமா உயர: ஹோஃப்ன் துறைமுகப் பாடம்

பனிப்பாறை உருகினா கடலோர ஊர் என்ன ஆகும்? "மூழ்கும்"னு சட்டுனு சொல்லிடுவீங்க. ஐஸ்லாந்தின் தென்கிழக்கில் இருக்கும் ஹோஃப்ன் போனா அந்தப் பதில் தப்பாகிடும். அங்கே தரை மேலே எழும்பிக்கிட்டு இருக்கு!

ஹோஃப்ன் என்றாலே துறைமுகம்னுதான் அர்த்தம். சுமார் 2000 பேர் வாழும் மீன்பிடி ஊர். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து ரிங் ரோட்டில் ஏறக்குறைய 450 கி.மீ. படகுத்துறையில் நின்னு மேற்கே பார்த்தா, வாட்னயோகுல் பனிப்பாறையின் கிளைகள் மலையிடுக்குகளில் வழிஞ்சு இறங்குவது தெரியும். ஐஸ்லாந்தின் மிகப்பெரிய பனிப்பாறை இதுதான். நாட்டின் பரப்பில் சுமார் 8 சதவீதம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. பனியின் சராசரித் தடிமன் சுமார் 400 மீட்டர். பனிக்கட்டியின் அடர்த்தி கன மீட்டருக்கு 917 கிலோ. பெருக்கிப் பாருங்க: ஒவ்வொரு சதுர மீட்டர் தரை மேலும் சுமார் 367 டன்! 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இந்தப் பனி குறைஞ்சுக்கிட்டு வருது.

ஃபோம் மெத்தையிலிருந்து எழுந்ததும் பள்ளம் மெதுவா நிரம்பும் இல்லையா? பூமியும் அப்படித்தான். மேலோட்டுக்குக் கீழே இருக்கும் மேன்டில் பாறை, நீண்ட காலக் கணக்கில் கெட்டியான பாகு மாதிரி நகரும். பாரம் குறைஞ்சதும் அது திரும்பி வந்து தரையைத் தூக்கும். ஐஸ்லாந்துக்கு அடியில் மேன்டில் சூடா, இளக்கமா இருப்பதால் இந்த எழுச்சி வேகமா நடக்குது. ஹோஃப்ன் பக்கம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல், ஜி.பி.எஸ். நிலையங்கள் இதை அளக்குது.

"நல்லதுதானே"ன்னு தோணலாம். ஆனா மீனவர்களுக்கு இது தலைவலி. ஹோஃப்ன் ஒரு காயலுக்குள் இருக்கு. படகுகள் குறுகலான முகத்துவாரம் வழியாத்தான் கடலுக்குப் போகணும். தரை உயர்ந்தா காயலின் ஆழமும் பரப்பும் குறையும். ஒவ்வொரு ஓதத்துக்கும் உள்ளே வந்து வெளியேறும் தண்ணீர் குறையும். ஓட்டம் = பரப்பு × வேகம், ஞாபகம் இருக்கா? ஓட்டம் குறைஞ்சா முகத்துவாரத்தில் வேகமும் குறையும். வேகம் குறைஞ்சா, அடிச்சுக்கிட்டுப் போக வேண்டிய மணல் அங்கேயே படியும். ஏற்கெனவே மணல்திட்டுகளுக்குப் பேர்போன வாசல் அது. வாசல் அடைஞ்சா, துறைமுகம்ங்கிற பேர் மட்டும்தான் மிஞ்சும்.

சிவில் மாணவர்களே, நீங்க அங்கே துறைமுகம் கட்டுறீங்கன்னு வைங்க. ஆண்டுக்கு 1 செ.மீ.ன்னாலும் 50 ஆண்டில் அரை மீட்டர். உங்க டிசைன்ல கடல் மட்டத்தை மட்டும் மாறியா வெச்சுட்டு, தரையை மாறிலியா எடுத்துக்கிட்டா என்ன ஆகும்? போட்டுப் பாருங்க.