கன்றுகளுக்குத் தீவனச் சேர்க்கைகள்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் தறியோடு ஓரிரு கறவை மாடுகளும் வளர்ப்போர் உண்டு. இன்றைய கிடேரிக் கன்றே நாளைய கறவை. கன்று தேறாவிட்டால் பருவமடைவதும் சினை பிடிப்பதும் தள்ளிப்போகும்; அதுவரை தீவனச் செலவு வீண்.

கன்று பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் தேவை. இதற்கு ஈடான சேர்க்கை எதுவுமில்லை. பத்தாம் நாள் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி குடற்புழு மருந்து கொடுக்கவும். புழு இருந்தால் சத்து உடம்பில் ஒட்டாது.

இரண்டாம் வாரம் முதல் கன்றுத் தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். 100 கிலோ தயாரிக்க:

மக்காச்சோளம் – 45 கிலோ
கடலைப் புண்ணாக்கு – 32 கிலோ
கோதுமைத் தவிடு – 20 கிலோ
தாது உப்புக் கலவை – 2 கிலோ
சமையல் உப்பு – 1 கிலோ

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு ஆகாது. யூரியா சேர்க்கவே கூடாது.

உயிருள்ள ஈஸ்ட் கலந்த தூள், அசைபோடும் வயிற்றில் நார்ப்பொருளைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருக உதவும். பாக்கெட்டில் குறித்த அளவைத் தாண்ட வேண்டாம்.

வளர்ச்சிக்கென நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தீவனத்தில் கலக்காதீர்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகி மனிதரையும் தாக்கும். ஐரோப்பிய ஒன்றியம் இவ்வழக்கத்தை 2006-இல் தடை செய்தது. இந்தியாவும் கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் மருந்தை 2019-இல் தடை செய்தது.

மேலும் விவரங்களுக்குக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம்.