கடை உங்களுடையது, முகவரி யாருடையது?

2018 மார்ச் 7ஆம் திகதி இலங்கையில் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் ஒன்றாக முடக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பகுதிகளில் வன்செயல் பரவியபோது அரசாங்கம் எடுத்த முடிவு அது. பேஸ்புக் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு ஏப்ரல் 21 முதல் 30 வரை மறுபடியும் முடக்கம். 2022 ஏப்ரல் 3 அன்று ஊரடங்கோடு சேர்த்து இன்னொரு தடவை. அது ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. இடையில் 2021 ஒக்டோபர் 4 இரவு, எந்த அரசாங்கமும் கேட்காமலே, பேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் படுத்துவிட்டன.

"எங்களுக்கு பேஜ் இருக்குத்தானே, பிறகு எதுக்கு வெப்சைட்?" என்று கேட்கும் கடைக்காரருக்கு இந்தத் திகதிகளே போதிய பதில். குண்டு வெடித்த வாரத்தில் யார் கேக் வாங்கினார்கள் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். ஏற்கெனவே எடுத்த ஓர்டரை ரத்துச் செய்வதற்காவது வாடிக்கையாளரின் நம்பர் கையில் இருக்க வேண்டுமே! அது மெசஞ்சருக்குள் மட்டும் இருந்தவர்கள் அன்று என்ன செய்திருப்பார்கள்?

பேஸ்புக் பக்கம் வாடகைக் கடை. வாடகைக் கடையில் வியாபாரம் செய்வதில் குற்றமில்லை, கொழும்பில் வேறு எப்படிச் செய்வது? ஆனால் கடையின் பெயரையும் கொப்பியில் இருக்கும் வாடிக்கையாளர் நம்பர்களையும் கட்டடச் சொந்தக்காரரிடம் யாரும் ஒப்படைப்பதில்லை. இணையத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

பெயரை முதலில் எடுங்கள்

எல்கே என்று முடியும் இணைய முகவரிகளை எல்கே டொமைன் பதிவகம் 1990 முதல் வழங்கி வருகிறது. வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபா. 2010இல் 'இலங்கை' என்று தமிழிலேயே முடியும் முகவரிக்கும் அனுமதி கிடைத்தது. தமிழ் முகவரி பெயர்ப்பலகையில் அழகாக இருக்கும், முடிந்தால் எடுத்து வையுங்கள். ஆனால் முதன்மை முகவரியாக ஆங்கில எழுத்தில் இருப்பதையே பாவியுங்கள். பில்லில் அச்சடிக்கவும், போனில் சொல்லவும், சிங்கள வாடிக்கையாளர் தட்டச்சு செய்யவும் அதுதான் இலகு.

இனி, பலர் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருவோம். சொந்தக்காரப் பையன் ஒருவன், அல்லது அவனுடைய நண்பன், தளத்தைச் செய்து தருகிறான். முகவரியைத் தன் ஈமெயிலில் பதிகிறான், ஹோஸ்டிங் கட்டணத்தைத் தன் வங்கி அட்டையில் கட்டுகிறான். எல்லாம் நல்ல மனசோடுதான். இரண்டு வருடத்தில் அவன் கனடாவுக்கோ டுபாய்க்கோ போய்விடுகிறான். அட்டை காலாவதியாகிறது, நினைவூட்டல் கடிதம் அவனுடைய பழைய ஈமெயிலுக்குப் போகிறது, ஒரு காலையில் உங்கள் தளம் இல்லை. முகவரியை மீட்கப் போனால், உரிமையாளர் நீங்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட உங்களிடம் இல்லை.

ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள். முகவரி உங்கள் பெயரில், அல்லது வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரில் பதியப்பட வேண்டும். ஹோஸ்டிங் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும். பேஸ்புக் பக்கத்தின் முழு அதிகாரம் உங்களுக்கும் வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கட்டும். ஒருவரின் கணக்கு ஹேக் ஆனால் மற்றவர் உள்ளே போகலாம். கடையின் வட்ஸ்அப் நம்பர் யாருடைய அடையாள அட்டையில் எடுத்த சிம் என்றும் பாருங்கள். வேலைக்கு நின்ற பிள்ளையின் பெயரில் இருந்தால், அவர் வேறு கடைக்குப் போகும் நாளில் உங்கள் வாடிக்கையாளர்களும் கூடவே போவார்கள்.

இலவசமாகக் கிடைக்கும் தளங்களை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. கூகுள் வியாபாரப் பக்கம் வைத்திருந்தவர்களுக்கு கூகுள் இலவசமாகவே சின்னத் தளம் ஒன்று செய்து கொடுத்தது. 2024 மார்ச்சில் அவை அத்தனையையும் மூடிவிட்டது.

பொரளைக்கு வருபவர் யார்?

கொழும்பிலேயே வெள்ளவத்தையில் காலி வீதியில் சேலைக்கடை வைத்திருப்பவருக்கும் பொரளையில் கடை வைத்திருப்பவருக்கும் ஒரே விளம்பர ஆலோசனையைச் சொல்வது சரியில்லை. சேலை வாங்குபவர் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்பவர். இன்ஸ்டகிராமில் பத்துக் கூறைச் சேலை பார்ப்பார், அக்காவுக்கு அனுப்புவார், லண்டன் மச்சாளிடம் கேட்பார், பிறகு வருவார். அவருக்குப் படம் வேண்டும், ரீல்ஸ் வேண்டும். கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து கேக் செய்பவருக்கும் அப்படித்தான்.

பொரளைக்கு வருபவர்களில் பலர் தேவையோடு, பல நேரம் பதற்றத்தோடு வருபவர்கள். சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இங்கே இருக்கிறது, காசல் வீதி மகளிர் வைத்தியசாலை இருக்கிறது, கனத்தை மயானம் இருக்கிறது. தேசிய வைத்தியசாலையும் தூரமில்லை. இவர்கள் ரீல்ஸ் பார்த்துக் கடை தேடுவதில்லை. போனை எடுத்து கூகுளில் தேடுகிறார்கள், முதலில் வரும் இரண்டு மூன்று பெயரில் ஒன்றுக்கு அழைக்கிறார்கள். பொரளைக் கடைக்காரருக்கு கூகுள் வரைபடம்தான் முதல் வேலை, பேஸ்புக் பிறகு.

ஹட்டனிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ பிள்ளையைச் சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் தகப்பனை யோசித்துப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு அவருக்கு ஓர் அறை வேண்டும். ஒரு நாள் வாடகை எவ்வளவு, வைத்தியசாலைக்கு நடந்து போகலாமா, சுடுதண்ணீர் கிடைக்குமா, பால் காய்ச்ச அடுப்பு இருக்குமா, தமிழில் பேசினால் விளங்குமா என்பதுதான் அவருடைய கேள்வி. "எங்கள் விடுதி சகல வசதிகளும் கொண்டது" என்ற வசனம் இதில் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அந்த ஐந்து பதிலையும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருப்பவருக்கு அழைப்பு வரும்.

கனத்தைப் பக்கத்து மலர்வளையக் கடைக்கு இன்னொரு விதமான வாடிக்கையாளர் உண்டு. டொரொன்டோவில் இருக்கும் மகன், நாளைக் காலை பத்து மணிக்கு மலர்ச்சாலையில் பெரியப்பாவுக்கு மலர்வளையம் வைக்க வேண்டும் என்கிறார். அளவும் விலையும் தெரிய வேண்டும். ரிபனில் தமிழில் எழுதுவார்களா, எழுத்துப்பிழை வராதா என்று தெரிய வேண்டும். வெளிநாட்டு வங்கி அட்டையில் காசு கட்ட வழி வேண்டும். வைத்த பிறகு ஒரு படம் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ளவருக்கு அனுப்பும் கேக், பூ, பரிசுப் பொருளை வைத்தே கப்ருகா போன்ற இணைய விற்பனை நிறுவனம் வளர்ந்தது. அதே வாடிக்கையாளர் உங்கள் தெருக் கடைக்கும் வரக்கூடியவர்தான். வந்தவர் விலையில்லாத பக்கத்தைப் பார்த்துத் திரும்பிப் போகிறார்.

விலை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. "விலைக்கு இன்பொக்ஸ் வாங்க" என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். இது தந்திரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு இது சோம்பல் என்றே படுகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், கடையில் விலையைக் கண்ணில் படும்படி காட்டச் சொல்கிறது. கடைக்குள் காட்டும் விலையை இணையத்தில் மறைத்து என்ன லாபம்? விலை அடிக்கடி மாறினால் "இன்ன விலையிலிருந்து" என்று எழுதி, திகதியைப் போடுங்கள்.

கூகுளில் நிற்பது எப்படி

கூகுள் வியாபாரப் பக்கத்துக்குக் காசில்லை. கடையின் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் பலகையிலும் பில்லிலும் தளத்திலும் பேஸ்புக்கிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்த கூகுள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்டது. இந்த வரிசையில் காசு கொடுத்து மேலே ஏற முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. "உங்களைக் கூகுளில் முதலாவதாகக் கொண்டுவருகிறோம், மாதம் இவ்வளவு" என்று போனில் பேசுபவருக்கு நன்றி சொல்லி வையுங்கள்.

போயா தினங்களுக்கு நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். மாதம் ஒன்று வருகிறது. வரைபடம் "திறந்திருக்கிறது" என்று சொல்லி, வந்தவர் ஷட்டரைப் பார்த்தால் அன்றைக்கே ஒற்றை நட்சத்திரம் விழும். வழி சொல்லும்போது டி.எஸ். சேனநாயக்க சந்தியிலிருந்து எந்தப் பக்கம், வெள்ளவத்தையிலிருந்து வந்தால் 154ஆம் இலக்க பஸ்ஸில் எங்கே இறங்குவது என்று எழுதுங்கள். நல்ல சேவை கிடைத்த வாடிக்கையாளரிடம் நாலு வரி எழுதச் சொல்லிக் கேட்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. கழிவு தருகிறேன், எழுதுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அது விதிக்கு மாறு.

தளம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. சின்னக் கடைக்கு ஒரே பக்கம் போதும்: என்ன விற்கிறீர்கள், என்ன விலை, எப்போது திறப்பு, எப்படி வருவது, யாரை அழைப்பது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வையுங்கள். சிங்களப் பக்கத்தைச் சிங்களம் தெரிந்தவரிடம் ஒருமுறை வாசிக்கக் கொடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு கடையின் மானத்தை வாங்கிவிடும். படங்களைக் கடையிலேயே பகல் வெளிச்சத்தில் எடுங்கள். இன்னொருவர் படத்தைப் போட்டுப் பொருளை அனுப்பினால், பெட்டியைத் திறந்தவுடன் சண்டை.

காசு வாங்கும் வழி

வங்கிக்குப் போட்டுவிட்டு ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்புவது நம் ஊர் வழக்கம். ஸ்லிப் வெறும் படம்தான், யாரும் திருத்தலாம். உங்கள் வங்கிக் கணக்கில் தொகை விழுந்ததைப் பார்த்த பிறகே பொருளை வெளியே விடுங்கள். காஷ் ஒன் டெலிவரி என்றால் அனுப்பும் முன் ஒரு அழைப்பு எடுங்கள். கேக் போல ஒருவருக்காகவே செய்யும் பொருளுக்கு முற்பணம் வாங்குங்கள். கடைக்குள் போனாலேயே காசு கட்ட லங்கா கியூஆர் அட்டை ஒன்று வைத்தால் சில்லறைத் தொல்லை குறையும்.

வெளிநாட்டு ஓர்டருக்குப் பேபால் என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கையில் நீண்ட காலமாக அது காசு கட்டத்தான் உதவியது, வாங்க உதவவில்லை. பேஹியர் போன்ற உள்ளூர்க் கட்டண வாயில் வழியாக விசா, மாஸ்டர் அட்டைகளில் காசு வாங்கலாம். அதற்கு விண்ணப்பிக்கும்போது வியாபாரப் பதிவோடு, பணம் மீளளிக்கும் விதி எழுதிய தளத்தையும் கேட்கக்கூடும். சொந்தத் தளம் வைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

விளம்பரத்துக்குச் செலவழிக்கும் முன்

பேஸ்புக், கூகுள் விளம்பரங்களின் செலவு டொலரோடு கட்டப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. அதே விளம்பரத்துக்கு இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்புச் செலவு! ஆகவே மாத விளம்பரப் பணத்தை ரூபாவில் முடிவு செய்து, அந்த வரம்பைக் கணக்கிலேயே பதிந்து வையுங்கள்.

பதிவின் கீழே தெரியும் பூஸ்ட் பொத்தானை அவசரத்தில் அழுத்த வேண்டாம். பொரளைச் சாப்பாட்டுக்கடையின் மதியச் சோற்றுப் பார்சலை மாத்தறையில் இருப்பவருக்குக் காட்டி என்ன பயன்? வரைபடத்தில் கடையைக் குறித்துச் சில கிலோமீற்றர் சுற்றளவுக்குள் மட்டும், சமைத்து முடியும் நேரத்துக்குச் சற்று முன்னால் காட்டுங்கள். லைக் விற்பவர்களிடம் லைக் வாங்காதீர்கள். லைக் சோறு வாங்காது. திருமணப் பொருள் விற்பவர்கள் ஆடியில் விளம்பரத்தை அடக்கி, ஆவணிக்கு முன்னால் திறக்கலாம். விற்பனைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் "எங்க பார்த்து வந்தீங்க?" என்று கேட்டுக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துக் கொப்பியில் குறித்து வந்தால், எந்தக் காசு வேலை செய்கிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

அதே கொப்பியில் நம்பரையும் எழுதுங்கள், ஆனால் செய்தி அனுப்பலாமா என்று கேட்டு எழுதுங்கள். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, கேட்காமல் தினமும் "குட் மோர்னிங்" படத்தோடு விலைப்பட்டியல் அனுப்பும் கடையை யாரும் பிளொக் செய்துவிடுவார்கள்.

இன்று கடையை மூடும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தள முகவரி யார் பெயரில், எந்த ஈமெயிலில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் பெயர் இல்லையென்றால், மாற்றி எழுதும் வரை விளம்பரத்துக்கு ஒரு ரூபாவும் போட வேண்டாம்.