நெற்சுணையும் கருவிழிப் புண்ணும்

சம்பா, தாளடி அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் காவேரி டெல்டாக் கிராமங்களில் கண்ணில் தாள் குத்துவது சர்வ சாதாரணம். தூற்றும்போது சுணை விழுவதும், வைக்கோற்போர் போடுகையில் தாள்முனை கீறுவதும், மாட்டின் வால் கண்ணில் அடிப்பதும் யாவரும் அறிந்தவை. ஆள் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போய்விடுகிறான். சில வாரங்கள் கழித்துக் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்கிறார்கள். அப் பூ, கருவிழியில் உண்டான புண் ஆறிய வடுவேயாகும்.

கருவிழியின்மேல் கண்ணாடி போன்ற தெளிவான படலம் ஒன்று உண்டு. அதன் கனம் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டரே. மேற்றோல் பழுதின்றி இருக்கும் வரையில் கிருமிகள் எளிதில் உட்புகா. கீறல் விழுந்தால் அவ்வழியே பூசணம் இறங்கும். இவற்றுள் முக்கியமானது பியூசேரியம். நெல் நாற்றை இயல்புக்கு மிஞ்சி நெட்டையாக்கிக் கெடுக்கும் பூசணமும் இக் குலத்தைச் சேர்ந்ததே. 1994-ம் வருஷம் ஜனவரி முதல் மார்ச்சு முடிய மதுரையில் பரிசோதிக்கப்பட்ட கருவிழிப் புண் நோயாளிகள் 434 பேரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் முன்னதாகக் கண்ணில் அடிபட்டவர்கள்.

புதிய கீறல் வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. புளோரசீன் என்னும் சாயம் தோய்ந்த காகிதக் கீற்றை நனைத்துக் கீழிமையின் உட்புறம் தொட்டு, நீல ஒளி வீசும் விளக்கால் பார்த்தால், தோல் பிய்ந்த இடம் மட்டும் இளநாற்றுப் போலப் பச்சையாக ஒளிரும். ஒளியைக் கோடு போல மெலிதாக்கும் ஸ்லிட் லாம்பு, புண்ணின் ஆழத்தைக் காட்டும். கான்போகல் மைக்ராஸ்கோப்போ, சுரண்டி எடுக்காமலே பூசண இழைகளைப் படம் பிடித்துவிடும். புண்ணின் படங்களைக் கொண்டு, அது பூசணமா பாக்டீரியாவா என்று கம்ப்யூட்டர் பிரித்துரைக்கும் முறையும் ஆராயப்பட்டு வருகிறது. ஆனால் கிராமத்துக்கு முதலில் வேண்டுவது காகிதக் கீற்றும் நீல விளக்குமே.

நேபாளத்துப் பக்தபூரில் கிராமத் தொண்டர்கள் இவ்விரண்டையும் கொண்டே கீறல்களைக் கண்டுபிடித்து, குளோரம்பெனிகால் களிம்பை நாளைக்கு மூன்று வேளையாக மூன்று நாள் இட்டார்கள். 2001-ல் வெளியான முடிவு கவனிக்கத்தக்கது. காயம்பட்ட 18 மணிக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. 18 முதல் 24 மணிக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கும், 24 மணிக்குப் பின் 48 மணிக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கும் உண்டாயிற்று. பூசணப் புண்ணுக்கு உரிய நாட்டாமைசின் சொட்டு மருந்து படலத்துள் ஆழமாக ஊறுவதில்லை. ஆகையால் முற்றிய புண்ணில் அதன் பலனும் குறைவு.

இலைச்சாறு, தாய்ப்பால் முதலியன விடுதல் கூடாது. மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் ஸ்டீராய்டுச் சொட்டு இன்னும் கேடு. சிவப்பு வடிந்து குணமானது போலத் தோன்றும், உள்ளே பூசணம் பரவும். அன்றைக்கே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, திருச்சிராப்பள்ளி ஜோசப் கண் ஆஸ்பத்திரிக்கோ, அருகிலுள்ள கண் வைத்தியரிடமோ அனுப்ப வேண்டும். அரைநாட் கூலி போகுமே என்று ஆட்கள் தயங்குவதுண்டு. அக் கூலியை நிலத்துக்காரர் கொடுத்துவிடுவது நியாயம். தூற்றுவோருக்கும் அறுவடை இயந்திரத்தின் அருகே நிற்போருக்கும் பக்கம் மூடிய கண்ணாடி வாங்கி வைத்தல் நலம். கிராம நிர்வாக உத்தியோகஸ்தர்கள் இவ் விஷயத்தை அறுவடை தொடங்குமுன்பே ஊராருக்கு அறிவிக்கலாம்.