பழைய புத்தகத்தை இணையத்தில் விற்கும் முன் அதன் மதிப்பை அறிய சில குறிப்புகள்

வீடு மாற்றும்போதும், பெரியவர்களின் காலத்துக்குப் பிறகு அலமாரியைப் பிரிக்கும்போதும் பழைய புத்தகங்கள் கட்டுக்கட்டாக வெளியே வரும். சிலர் அப்படியே எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். சிலர் "தாத்தா காலத்துப் புத்தகம், லட்சத்துக்குப் போகும்" என்று இணையத்தில் படத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். புத்தகத்தின் பெயரோ வயதோ மட்டும் விலையை முடிவு செய்வதில்லை. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பிரதி எந்தப் பதிப்பு, முழுமையாக இருக்கிறதா, எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே விலை அமையும். அதைத் தெரிந்துகொள்ள சில வாரங்கள் ஒதுக்குங்கள்.

1. முதலில் எதையும் "சரி" செய்யாதீர்கள். கிழிந்த பக்கத்துக்கு செலோ டேப் ஒட்டுவது, அட்டையை லேமினேட் செய்வது, ஈரத்துணியால் துடைப்பது, புதிதாக பைண்டு செய்து ஓரங்களை வெட்டுவது எல்லாமே மதிப்பைக் குறைக்கும். செலோ டேப்பின் பசை சில ஆண்டுகளில் தாளில் பழுப்புக் கறையாக இறங்கிவிடும். பிறகு எடுக்கவே முடியாது. மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் படுக்கவையுங்கள். கரையானோ இராமபாணப் பூச்சியோ இருந்தால் அந்தப் புத்தகத்தை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.

2. ஆண்டைச் சரியாகப் படியுங்கள். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். பழைய தமிழ் நூல்களில் ஆங்கில ஆண்டு இல்லாமல் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருவதால் "விகாரி" என்றிருந்தால் அது 1899-1900ஆகவும் இருக்கலாம், 1959-60ஆகவும் இருக்கலாம். தென்கோடி மாவட்டங்களில் அச்சான சில நூல்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். தனித்தமிழ் ஆர்வலர்கள் வெளியிட்ட நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு இருந்தால் 31-ஐக் கழியுங்கள். திருவள்ளுவர் ஆண்டு 1980 என்றால் 1949. இது தெரியாமல் "1980-ல் வந்த புத்தகம்தானே" என்று சல்லிசாகக் கொடுத்துவிட வாய்ப்புண்டு.

3. ஆண்டே இல்லாத புத்தகமா? விலையையும் முகவரியையும் பாருங்கள். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. தசம நாணயம் வந்தது அந்த மாதம்தான். "ந.பை." என்று நயா பைசாவில் இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். பதிப்பகத்தின் முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு அச்சானது. "சென்னை ராஜ்யம்" என்றிருந்தால் 1969-க்கு முந்தையதாக இருக்கலாம். எழுத்து வடிவமும் காட்டிக்கொடுக்கும். தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தம் 1978-ல் வந்தது. ணை, லை, றா போன்ற எழுத்துகள் பழைய கொம்பும் சுழியுமாக இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். சில அச்சகங்கள் பழைய அச்செழுத்துகளையே பிறகும் பயன்படுத்தின. அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண் இருந்தால் சந்தேகமே இல்லை, 2007-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ அச்சானது.

4. புகழ்பெற்ற நூல் வேறு, அரிய நூல் வேறு. பாரதியின் படைப்புகள் 1949-லும் கல்கியின் படைப்புகள் 1999-லும் நாட்டுடைமை ஆயின. அதன்பின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் சந்தையில் அவை ஏராளம். அதே நேரத்தில், சென்னை பூங்கா நகர் குஜிலிக் கடைகளில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்களும் "பெரிய எழுத்து" கதைப் புத்தகங்களும் படித்துத் தூக்கிப் போடப்பட்டவை என்பதால் இன்று கிடைப்பது அரிது. ஆய்வாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். ஒல்லியாக, அட்டைகூட இல்லாமல் இருக்கிறதே என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் வீடுகளில் அப்படிப்பட்ட சிறு நூல்கள் பலவற்றைச் சேர்த்து ஒரே பைண்டாகக் கட்டி வைப்பார்கள். முதல் நூலின் தலைப்பை மட்டும் பார்த்து நிறுத்தாமல் கடைசிவரை புரட்டுங்கள்.

5. பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். முகவுரை, சிறப்புப் பாயிரம், அருஞ்சொல் அகராதி ஆகியவற்றுக்குப் பழைய நூல்களில் தனிப் பக்க எண் இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1887-ல் வெளியிட்ட சீவக சிந்தாமணி, 1892-ல் வெளியிட்ட சிலப்பதிகாரம் போன்ற பதிப்புகளில் நூலுக்கு முன்னும் பின்னும் உள்ள இந்தப் பகுதிகளும் முக்கியமானவை. முன்பக்கம் கிழிந்த பிரதிக்கு விலை பாதிக்கும் கீழே போகலாம். கடைசியில் இருக்கும் பிழைத்திருத்தத் தாளும் கணக்கில் சேரும்.

6. தொடர்கதை பைண்டுகளை நிதானமாகப் பாருங்கள். வார இதழ்களில் வந்த தொடரை வாரா வாரம் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் காலிகோ பைண்டு செய்து வைத்துக்கொள்வது நம் வீட்டுப் பெண்களின் பெரும் சேமிப்பாக இருந்தது. கல்கி இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய பொன்னியின் செல்வன் மணியம் ஓவியங்களோடும், ஆனந்த விகடனில் வந்த தில்லானா மோகனாம்பாள் கோபுலு ஓவியங்களோடும் அப்படித்தான் பல வீடுகளில் தங்கின. இவை புத்தகமாக அச்சான பதிப்பு அல்ல என்பதால் "முதற்பதிப்பு" என்று விளம்பரம் செய்யக் கூடாது. ஆனால் கதை முதன்முதலில் வாசகர் கைக்கு வந்த வடிவம் இதுதான். புத்தகமாக வந்தபோது விடுபட்ட ஓவியங்கள் இதில் இருக்கும். பக்கத்திலேயே அந்தக் காலத்து சோப்பு, காபி, சினிமா விளம்பரங்களும் இருக்கும். எந்த வாரமாவது விடுபட்டிருக்கிறதா, பைண்டு செய்தவர் ஓரத்தை வெட்டியபோது படமோ எழுத்தோ போய்விட்டதா என்று பார்த்து எழுதி வையுங்கள். முழுத்தொடர் என்றால் தனி மதிப்பு. எக்காரணத்தைக் கொண்டும் பிரித்து, ஓவியப் பக்கங்களைத் தனித்தனியாக விற்காதீர்கள். ஒருவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சேர்த்ததை ஒரு மாலையில் கலைத்துவிட்டால் மறுபடி யாராலும் சேர்க்க முடியாது.

7. காமிக்ஸ் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984-ல் தொடங்கின. சிறு வயதில் படித்தவர்களே இன்று வாங்குகிறவர்கள் என்பதால் அவர்களுக்கு ஒவ்வொரு இதழும் அத்துப்படி. மாயாவி கதைகள் பலமுறை மறுபதிப்பு கண்டவை. பழைய இதழா மறுபதிப்பா என்பதை இதழ் எண், அட்டை விலை, முகவரி மூன்றையும் வைத்து உறுதி செய்யுங்கள். முன்னட்டை, பின்னட்டை, நடுப்பக்கம், துருப்பிடித்த பின் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள்.

8. கையெழுத்து இருந்தால் தேதியோடு பொருத்திப் பாருங்கள். கல்கி காலமானது 1954 டிசம்பர் 5. அதற்குப் பிறகு அச்சான பிரதியில் அவர் கையெழுத்து இருப்பதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நீங்களும் அப்படி விற்க வேண்டாம். புத்தகத்துக்கு உரியவர் எழுதிய பெயர், பரிசளித்த குறிப்பு, நூலக முத்திரை எதையும் அழிக்காதீர்கள். பொது நூலக முத்திரை இருந்து, "நீக்கப்பட்டது" என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது விற்பனைக்கு உரியதே அல்ல. அந்த நூலகத்துக்குச் சொல்லுங்கள்.

9. ஆங்கிலப் புத்தகங்களில் மேலுறை முக்கியம். ஆர்.கே.நாராயணின் முதல் நாவலான சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ் 1935-ல் லண்டனில் ஹமீஷ் ஹாமில்டன் வெளியிட்டது. அப்படிப்பட்ட முதற்பதிப்பு மேலுறையோடு இருந்தால் ஒரு விலை, மேலுறை இல்லாவிட்டால் வேறு விலை, இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. பிற்காலத்து நூல்களில் பதிப்புரிமைப் பக்கத்தில் எண் வரிசை ஒன்று இருக்கும். அதில் 1 இருந்தால் பெரும்பாலும் முதல் அச்சு.

10. எத்தனை பிரதிகள் எஞ்சியிருக்கின்றன என்று தேடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகம் ஆகியவற்றின் பட்டியல்களில் நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். மின்னூலகத்தில் அதே நூலின் முகப்புப் பக்கம் கிடைத்தால் உங்கள் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடலாம். யாழ்ப்பாணத்தில் அச்சான நூல் என்றால் நூலகம் அறக்கட்டளையின் இணையத்தளத்தையும் பாருங்கள். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு பழைய நூல் உங்கள் வீட்டில் இருந்தால் அதை மிகுந்த கவனத்தோடு கையாளுங்கள்.

11. கேட்கும் விலையை நம்பாதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். யாரோ ஒருவர் ஐம்பதாயிரம் என்று போட்டிருப்பதால் அது ஐம்பதாயிரம் ஆகிவிடாது. ஆண்டுக்கணக்கில் விற்காமலே அப்படிக் கிடக்கலாம். ஈபே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி உண்டு. ஏப்புக்ஸ் போன்ற தளங்களில் தெரிவது விற்பவர் கேட்கும் விலைதான். தமிழ் நூல்களுக்கும் காமிக்ஸுக்கும் முகநூல், வாட்ஸ்அப் சேகரிப்பாளர் குழுக்களில் நடக்கும் ஏலத்தைச் சில வாரங்கள் சும்மா கவனியுங்கள். அதே பதிப்பு, அதே நிலையில் உள்ள பிரதியோடு மட்டுமே ஒப்பிடுங்கள்.

12. குறைந்தது மூன்று பேரிடமாவது கேளுங்கள். சென்னையில் மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்த பின் அங்கிருந்த பழைய புத்தகக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்கு வந்தார்கள். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூர் லஸ் பகுதியிலும் பழைய புத்தகக் கடைகள் உண்டு. எந்தத் தலைப்பு ஓடும், எது ஓடாது என்று இவர்களைப் போல அறிந்தவர்கள் குறைவு. ஆனால் அவர்கள் சொல்வது தாங்கள் வாங்கும் விலை. கடை வாடகையும் லாபமும் போகத்தான் சொல்ல முடியும். அதில் தவறில்லை. வாங்கப் போகிறவரின் மதிப்பீட்டை மட்டும் முடிவான மதிப்பீடாகக் கொள்ளாதீர்கள். ஒரு சேகரிப்பாளர், ஒரு நூலகர் அல்லது தமிழ்ப் பேராசிரியர் ஆகியோரிடமும் காட்டிவிட்டு, மூவரும் சொல்வதைக் குறித்து வையுங்கள். புத்தகத்தைக் கடையில் "வைத்துவிட்டுப் போங்க, பார்த்துச் சொல்றேன்" என்றால் பணிவாக மறுத்துவிட்டுப் படங்களைக் கொடுங்கள்.

13. மதிப்பீட்டுக்கு அனுப்பும் படங்கள்: முன்னட்டை, முதுகு, பின்னட்டை, முகப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம், மோசமாகச் சேதமான பக்கம். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுங்கள். உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுச் சீட்டு ஒரு படத்திலாவது இருக்கட்டும்; உங்கள் படத்தை எடுத்து வேறொருவர் விற்க முயல்வதை இது தடுக்கும். உள்ளே வீட்டு முகவரி எழுதியிருந்தால் மறைத்துவிடுங்கள்.

14. ஓலைச்சுவடியும் கையெழுத்துப் பிரதியும் வேறு கணக்கு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 75 ஆண்டுக்கு மேற்பட்ட, இலக்கிய அல்லது வரலாற்று மதிப்புள்ள சுவடிகளும் ஆவணங்களும் தொல்பொருள்கள். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அவற்றை விற்பனைத் தளத்தில் போடாமல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையோ அணுகுங்கள். நூறாண்டு கடந்த அச்சு நூலை வெளிநாட்டு வாசகர் கேட்டாலும் முதலில் இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

15. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடத் தேவையே இல்லை. "பணம் அனுப்பியிருக்கேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்றால் அது மோசடி.

16. விற்கும் முன் அரிய நூலை ஒருமுறை மின்வடிவமாக்க முடியுமா என்று கேளுங்கள். மேலே சொன்ன பட்டியல்களில் எதிலுமே இல்லாத நூல் உங்களிடம் இருந்தால், ரோஜா முத்தையா நூலகத்துக்கோ தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கோ எழுதிக் கேட்டுப் பாருங்கள். ஒருவேளை உங்களிடம் இருப்பது கடைசிப் பிரதியாக இருக்கலாம். வாங்குபவர் அதைப் பூட்டி வைத்தாலும் உள்ளிருக்கும் எழுத்து மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும். பணம் அவ்வளவு அவசரமில்லை என்றால், புத்தகத்தையே அங்கே கொடுத்துவிடுவது பற்றியும் வீட்டில் பேசிப் பாருங்கள்.