அப்பாவின் குடி பிள்ளைக்கும் வருமா?

கேள்வி: என் கணவர் பல வருடங்களாகக் குடிக்கிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு. ‘அப்பன் புத்தி பிள்ளைக்கு வராமலா போகும்’ என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா?
– ஒரு வாசகி, இண்டூர்

பதில்: வந்தே தீரும் என்று எந்த விதியும் இல்லை, சகோதரி. பையன் காதுபட அப்படிப் பேச யாரையும் விடாதீர்கள்.

குடிநோயில் ஏறத்தாழப் பாதிப் பங்கு மரபணுக்களுக்கு என்பது இரட்டையர் ஆய்வுகளின் கணக்கு. மீதி, வீடும் சேர்க்கையும் கைக்கெட்டும் கடையும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் விவேக் பெனகல் குழுவினர், குடிநோயாளிகளின் நெருங்கிய ஆண் உறவினர்களுடைய மூளை மின்னலைகளை ஆராய்ந்து 1995-இல் வெளியிட்டார்கள். பரம்பரை ஆபத்து கூடக் கூட ‘பி300’ என்ற அலை தாழ்ந்திருந்தது. அது எச்சரிக்கை மட்டுமே, தீர்ப்பு அல்ல.

மது உள்ளிட்ட போதைப்பொருள்கள் மரபணுவின் எழுத்தை மாற்றாமல், அதை முடுக்கும், அடக்கும் வேதிக்குறிகளை மாற்றுகின்றன. அந்தக் குறிகள் பிள்ளைக்கும் போகுமா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டபர் பியர்ஸ் குழு, ஆண் எலிகளைக் கொக்கைனுக்குப் பழக்கியது. 2013-இல் வெளியான முடிவு வியப்பானது: அவற்றின் ஆண் குட்டிகள் கொக்கைனைக் குறைவாகவே நாடின! ‘அப்பனைப் போலவே பிள்ளை’ என்ற பேச்சு எலியிடம்கூட எடுபடவில்லை. மனிதரிடம் இப்படிக் குறிகள் கடத்தப்படுவது இன்னும் நிரூபணமாகவில்லை.

பதினைந்து வயதுக்குமுன் குடிக்கத் தொடங்குவோருக்கே ஆபத்து மிக அதிகம். ஆகவே, திருவிழாவில் ‘ஒரு வாய் குடிடா’ என்று டம்ளரை நீட்டும் உறவினரைக் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். கணவரைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வை அவசியம். போதை மீட்பு உதவி எண்ணான 14446-க்கும் அழைக்கலாம், கட்டணமில்லை.