நாட்பட்ட வயிற்றோட்டமும் எங்கள் சீனியும்

பூனைக்கு ஒருநாள் வயிறு கழிந்தால் அதைப் பெரிய நோயென்று சொல்வதற்கில்லை. பல்லியைத் தின்றிருக்கும், பழுதான மீன் தலையை நக்கியிருக்கும், மறுநாள் சரியாகிவிடும். மூன்று வாரங்கள் தாண்டியும் நிற்காவிட்டால், அல்லது நின்று நின்று மீண்டும் வந்தால், அதை நாட்பட்ட வயிற்றோட்டம் என்பர். எங்கள் சீனிக்கு வந்தது அதுதான். உம்மா தொழுகைப் பாயை இரண்டாம் முறை கழுவிக் காயப்போட்ட அன்று, "இதைச் சந்தையில கொண்டுபோய் விடுங்க" என்ற பேச்சு வீட்டில் எழுந்துவிட்டது. ஆகவே காரணத்தைத் தேடுவது எனக்கு அவசரமான பாடமாயிற்று.

முதற் சந்தேகம் பாலின் மீது. பூனையும் பாலும் சிறு வகுப்பிலிருந்தே நாம் படித்து வந்த சோடி. ஆனால் பாலிலுள்ள இலக்டோசு என்னும் வெல்லம் சமிபாடடைய இலக்டேசு நொதியம் வேண்டும். பால்குடி மறந்தபின் பெரும்பாலான பூனைகளில் அது குறைந்துவிடுகிறது. சமிபாடடையாத வெல்லம் குடலுக்குள் நீரை இழுக்கும். பெருங்குடலிலுள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்கும். பால்மா கரைத்து வைத்தாலும் இதே கதைதான். பாலை நிறுத்தினோம். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை.

மிருக வைத்தியர் மருந்தெழுதுமுன் கேள்விகளைத்தான் அடுக்கினார். எத்தனை தடவை? எவ்வளவு? சளி உண்டா? மெலிகிறதா? இவை வீண் விசாரணையல்ல. சிறிது சிறிதாக, அடிக்கடி, முக்கி முக்கி, சளியோடும் சிவந்த இரத்தத்தோடும் போனால் கோளாறு பெருங்குடலில் இருக்கலாம். அதிகளவில் போய் உடலும் மெலிந்தால் சிறுகுடலை நோக்க வேண்டும். சீனியிடம் சளியும் இருந்தது, மெலிவும் இருந்தது. நான் கொப்பியில் நாள்வாரியாகக் குறித்து வைத்திருந்தது அன்று நன்றாகக் கைகொடுத்தது.

முதல் மல மாதிரியில் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் ஜியார்டியா என்னும் ஒருகல ஒட்டுண்ணி தென்பட்டது. அது தன் உறைகளை எல்லா நாளும் வெளிவிடுவதில்லை. அதனாற்றான் வெவ்வேறு நாட்களில் மாதிரி எடுக்கச் சொல்கிறார்கள். நிறைக்கேற்ற அளவில் மருந்து தந்தார்கள். ஆனால் மருந்தோடு வேலை முடிவதில்லை. உறைகள் பின்புற உரோமத்தில் ஒட்டிக்கொள்ளும். பூனை தன்னை நக்கும்போது மறுபடியும் உள்ளே போய்விடும். ஈரமான இடத்தில் அவை வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகையால் மணற்தட்டைத் தினமும் மாற்றி, கொதிநீர் ஊற்றி, நல்ல வெயிலில் காயவைத்தோம். பின்புறத்தைக் கழுவும் வேலை மட்டும் ராத்தாவுக்கும் எனக்கும் கைகளில் கீறல் கீறலாக நினைவிருக்கிறது.

ஒட்டுண்ணி இல்லையென்றால் அடுத்து உணவைச் சோதிப்பார்கள்: பூனை முன்பு தின்றிராத ஒரே வகை இறைச்சியை இரண்டு வாரமாவது கொடுத்துப் பார்ப்பார்கள். வயதான பூனையெனில் தைரொயிட்டுச் சுரப்பியையும் பார்க்க வேண்டும்.

கைமருந்து சொல்வோர் பலர். பட்டினி போடச் சொன்னார் ஒரு மாமி. பூனை சில நாட்கள் உண்ணாதிருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த கறி மீன் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். பரசிட்டமோல் ஒரு வில்லையே பூனையைக் கொல்லப் போதும்.

இப்போது பழைய தீனியோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, பத்து நாட்களில் முழுதாக மாற்றிவிட்டோம். வாரந்தோறும் சீனியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, வந்த நிறையிலிருந்து என் நிறையைக் கழிக்கிறேன். நோய் முற்றிய நாளில் 2.5 கிலோ. சென்ற வெள்ளிக்கிழமை 3 கிலோ.